வலது ஆணி

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நீலத் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து, பல் டாக்டரை இழுத்துக்கொண்டு போன பட்டத்தின் தடியையும் கயிறுகளையும் ஊறப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். விபத்து நடந்தது சனிக்கிழமை. நான்கு நாளாக அது பட்டறை மூலையில் உப்பும் மணலுமாகச் சுருண்டு கிடந்தது. தொட யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். ஆனால் கழுவாத கயிறு கண்ணெதிரே கிடந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. கழுவி, உதறி, தடியின் நடு ஓட்டை வழியாகப் பாதுகாப்புக் கயிற்றை ஒருமுறை முழுக்க உருவிப் பார்ப்பது என் வழக்கம். உருவினேன். ஒரு மீட்டர் சுலபமாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. மணலாக இருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். வரவில்லை.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டம் என்றால் பிள்ளைகள் மொட்டை மாடியில் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. ஒரு படுக்கையறை அகலத்துக்குத் துணி, அதன் விளிம்பில் காற்றடைத்த குழாய், இருபது மீட்டருக்கு மேல் நீளமான நான்கு கயிறுகள். கயிறுகள் வந்து சேருகிற இடத்தில் கையால் பிடிக்கிற தடி. தடிக்குக் கீழே ஒரு வளையம், அது இடுப்பில் கட்டிய பட்டையின் கொக்கியில் மாட்டியிருக்கும். காலில் பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போவார். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தடியைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கப் பிடிக்கப் பட்டத்தின் வேகம் கூடும். பயந்தவன் கை பிடிக்கத்தான் செய்யும். அதனால், கழிக்கரையில் இந்தச் சறுக்கலைச் சொல்லிக்கொடுக்கிற என் அண்ணன் முதல் பாடத்திலேயே மூன்று சொல் கற்றுக்கொடுப்பான்: விடு, தள்ளு, கழட்டு. தடியை விடு. அப்படியும் அடங்கவில்லையா, வளையத்துக்கு மேலே இருக்கிற சிவப்புப் பிடியைத் தள்ளு. வளையம் திறந்துகொள்ளும், தடி, இடுப்போடு கட்டிய பாதுகாப்புக் கயிறு என்கிற ஒற்றைக் கயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டு மேலே ஓடும், பட்டம் சுருண்டு தண்ணீரில் விழும். அதற்கும் விழாவிட்டால், இடுப்பிலிருந்து அந்த ஒற்றைக் கயிற்றையும் கழட்டிப் பட்டத்தைக் காற்றோடு அனுப்பிவிடு. பதினாறு வருடத்தில் மூன்றாவதுவரை போனவர்கள் இரண்டே பேர். தள்ளினாலே போதும். தடி ஓடினால் பட்டம் விழுந்தே ஆக வேண்டும்.

தடி ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பார்க்க ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன்.

கயிறு சிக்கி நின்ற அந்த இடத்தைத் தைத்தது நான். போன மாதம் யாரோ அந்தப் பட்டத்தைப் பாறைமேல் போட்டு இழுத்ததில், பாதுகாப்புக் கயிறு ஓரிடத்தில் நார் பிரிந்துவிட்டது. புதுக் கயிறு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். காற்று நன்றாக அடிக்கிற பருவம், வகுப்புக்குத் தடி போதவில்லை. பிரிந்த இடத்தின்மேல் மெல்லிய துணி உறை ஒன்றைப் போர்த்தி, இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது தையல் போட்டேன். கார் இருக்கை தைக்கிற கடையில் ஒன்பது வருடம் இருந்தவள் நான். என் தையல் பிரிந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. மேஜைமேல் வைத்துப் பத்துத் தடவை ஓட்டை வழியாக உருவிப் பார்த்தேன். பத்துத் தடவையும் வந்தது. காய்ந்த கயிறு, கையால் இழுத்த இழுப்பு. நனைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆள் எடைக்கு இழுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

பட்டறைச் சுவரில் இரண்டு வரிசை ஆணிகள். முடியாத வேலை இடது பக்கம், முடிந்தது வலது பக்கம். வலது பக்கம் தொங்குவதை அண்ணன் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டு போவான். கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருமுறை, நான் மாட்டிய ஒன்றை அவன் மறுபடி சோதித்துப் பார்த்ததற்கு இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். அந்தத் தடியை வலது ஆணியில் மாட்டியது இந்தக் கைதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உறையின் ஒரு முனை நனைந்த காலுறைபோல் சுருண்டு தடித்திருந்தது. சுருண்ட இடம் இஸ்திரிப் பெட்டி சுட்டதுபோல் உருகிப் பளபளவென்று இருந்தது. ஓட்டையின் விளிம்பிலும் அதே கறை. அதற்கு ஒரே அர்த்தம்தான். சாதாரணமாக ஓட்டும்போது தடி அந்த இடத்தை நெருங்கவே நெருங்காது. சிவப்பைத் தள்ளி, வளையம் திறந்து, தடி மேலே ஓடினால்தான் அங்கே போய் முட்டும். அது ஓடியிருக்கிறது. ஓடி, என் தையலில் போய் இறுகியிருக்கிறது.

அப்படியானால் டாக்டர் தள்ளியிருக்கிறார்.

என் தையல் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் உறை கிழிந்து தடி போயிருக்கும், பட்டம் விழுந்திருக்கும், மனிதர் எழுந்து துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். நன்றாகத் தைத்துத் தொலைத்திருந்தேன்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. இவருக்கெல்லாம் எதற்கு இந்த வேலை என்று முதல் நாள் நான் வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் விழுந்துவிட்டது. "எல்லாரும் என்னப் பாத்துத்தான் பயப்படுறாங்க. நானும் எதையாவது பாத்துப் பயந்து பாக்கலாம்னுதான்ம்மா" என்றார். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். என் கீழ்வரிசையில் ஒன்று ஆடப்போகிறது என்று சொன்னார், அதேபோல் ஆடியது. இரண்டாம் பாடம் முடிந்ததும் என்னிடம் ஒரு பழைய சிவப்புப் பிடியை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நோயாளிகள் வருகிற இடைவெளியில் இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, விடு, தள்ளு, கழட்டு என்று பழகினாராம். உதவிக்கு இருக்கிற நர்ஸம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மூடிவிட்டுப் போனார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை ஐந்தாம் பாடம். உப்பங்கழியில் முழங்காலளவு தண்ணீர். அண்ணன் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றான். நான் கரையில் இன்னொரு பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்மேல் கருப்பாக ஒரு கோடு வருவதை முதலில் பார்த்தது நான்தான். காற்று ஒரேயடியாகக் கூடப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கத்தினேன். என் கத்தல் போய்ச் சேருமுன் கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டம் நேர் உச்சிக்குப் பாய்ந்தது. டாக்டரின் கால்கள் தண்ணீரைவிட்டுக் கிளம்பின. இரண்டு ஆள் உயரம் தூக்கி, முகம் குப்புறப் போட்டது. "விடுங்க! தள்ளுங்க! தள்ளுங்க டாக்டர்!" என்று அண்ணன் ஓடினான். தண்ணீரில் ஓடுவது கனவில் ஓடுகிற மாதிரிதான், கால் போகாது. பட்டம் விழவில்லை. சுற்றிச் சுற்றி அடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அவரை வெடுக்கென்று இழுத்தது. பழைய படகுத்துறையின் தூண்கள்வரை இழுத்துக்கொண்டு போய்த் தூணில் சுற்றிக்கொண்டு நின்றது. எங்கேயோ நடுவில் அவர் வலது கையால் கயிற்றைப் பிடித்திருக்கிறார். அந்தக் கயிறு கத்தி மாதிரி. நடுவிரலிலும் மோதிர விரலிலும் தசைநார் அறுந்துபோயிருந்தது. கழட்ட வேண்டிய கை அதுதான். அது அதற்குள் கயிற்றுக்குள் மாட்டிவிட்டது.

நான் கரையோரமாக ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவரை மடியில் சாய்த்து வைத்திருந்தான். தடி பக்கத்தில் மிதந்தது. சிவப்புப் பிடி, தள்ளாத மாதிரி, மூடியிருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வண்டியில் ஏற்றும்போது டாக்டர் அழவில்லை, முனகவில்லை. "நான் தள்ளல. எல்லாம் சொல்லிக்கொடுத்தும் நான் தள்ளல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலை அண்ணன் எழுதிய அறிக்கையிலும் அதே வரிதான் இருந்தது. மாணவர் பதற்றத்தில் பாதுகாப்புப் பிடியை இயக்கவில்லை. அவரே சொன்ன பிறகு யார்தான் வேறு மாதிரி எழுதுவார்கள்?

மதியம் அண்ணன் சாப்பிட வந்தான். தட்டை வைத்தேன், பக்கத்தில் தடியை வைத்தேன். உருகிய இடத்தைப் பார்த்தான். ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன். அவன் சோற்றைத்தான் பார்த்தான்.

"கழுவ வேணாம்னு சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்" என்றான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நான் போய்ச் சேர்றப்ப அது தொறந்துதான் இருந்துச்சு."

"மூடியிருந்துச்சே. நான் பாத்தேனே."

"நான்தான் மூடினேன்."

எங்களுக்கெல்லாம் அது கைப்பழக்கம். திறந்த வளையத்தைப் பார்த்தால் கை தானாக மூடிவிடும், கதவைச் சாத்துகிற மாதிரி. அப்படித்தான் மூடினாயா என்று கேட்டேன். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. அவன் சோற்றை அளைந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். சின்ன வயதிலும் மாட்டிக்கொள்வது அவன்தான், தப்பிப்பது நான்தான்.

"தடி பாதியில நிக்கிறதப் பாத்தேன். ஒன் தையல்ல நிக்கிறதப் பாத்தேன். நீ கரையில ஓடி வர்ற. யாருக்காக மூடினேன்னு நெனைக்கிற?"

"நான் கேட்டேனா?"

"கேக்கல. கேட்டிருந்தா மூடியிருக்க மாட்டேன்." தட்டை நகர்த்தினான். "அவரே தள்ளலன்னுதான் சொல்றாரு. அவருக்கே ஞாபகம் இல்ல. கை எப்படியும் அறுந்தாச்சு. ஒம்மேல பழி வந்தா அந்தக் கை ஒட்டிக்குமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது, அவன்மேலா என்மேலா என்று பிரிக்க முடியாத கோபம். தடியை எடுத்துக்கொண்டு போய் இடது பக்கத்து ஆணியில் மாட்டினேன். பிறகு அதைத் தவிரச் சுவரில் இருந்த அத்தனையையும் இறக்கி, நான் உறை போட்டுத் தைத்த எல்லாவற்றையும் பிரித்தேன். ஆறு இருந்தன. என் தையலைப் பிரிப்பது சுலபமில்லை. கத்தி முனையால் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். சாயங்காலம்வரை அறுத்தேன். புதுக் கயிறு வந்தால்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு நாட்கள் போயின. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. புதன் போய் வியாழன் வந்தது, வெள்ளி வந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் ஒருமுறை நினைத்தேன். தினமும் அதற்கு ஒரு காரணம் அகப்பட்டது. ஆபரேஷன் இப்போதுதானே முடிந்திருக்கிறது, வலி அடங்கட்டும். அண்ணன் பெயரில் இருக்கிற உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டால் அவன் பிள்ளைகள் என்ன ஆகும். அவர் மனதளவில் சமாதானம் ஆகியிருப்பார், நான் போய் எதற்குக் கிளற வேண்டும். இந்தக் கடைசிக் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதிலேயே ஒரு வாரம் காலம் தள்ளினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரின் மனைவி போன் செய்தார். அவருடைய பையும் மூக்குக்கண்ணாடியும் எங்களிடமே இருக்கிறதாம், யாராவது கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை. சனிக்கிழமை போனேன்.

வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலிகள், மூலையில் தண்ணீர்க் குடுவை, சுவரில் ஒரு பெரிய பல்லின் குறுக்குவெட்டுப் படம். ஆளில்லாமல் மருந்து வாசனை மட்டும் இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சும் அப்படித்தான், சுற்றி வளைக்காது. பையை வாங்கிக்கொண்டு, "உள்ள இருக்காரு, போய்ப் பாருங்க. எங்கிட்டப் பேசறதில்ல. ஒங்ககிட்டயாவது பேசறாரா பாக்கலாம்" என்றார்.

டாக்டர் நோயாளிகளின் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். வலது கை கட்டுப்போட்டு மார்பில் கிடந்தது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வெளியே. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "பல்லு இன்னும் ஆடுதா?" என்றார். ஆடுகிறது என்றேன். "நான் புடுங்க முடியாது. வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறு மாதத்தில் முக்கால்வாசி திரும்பிவிடும் என்று ஆபரேஷன் செய்தவர் சொல்லியிருக்கிறாராம். "அப்ப மறுபடி வேல பாக்கலாமே டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"இல்லம்மா. மூடிடப் போறேன். அடுத்த மாசத்தோட சரி. நர்ஸம்மாவுக்கும் சொல்லிட்டேன்."

"முக்கால்வாசி திரும்பிடும்னு..."

"விரலுக்காக இல்ல." கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கிட்ட வர்றவங்க வாயத் தொறந்துட்டுப் படுத்துருவாங்க. சில சமயம் ரத்தம் நிக்காது. சில சமயம் மயக்க ஊசி ஒத்துக்காம மூச்சுத் திணறும். முப்பது வருஷத்துல நாலு தடவ நடந்திருக்கு. அந்த நேரத்துல கை யோசிக்கக் கூடாது, செய்யணும். என் கை செய்யும்னு நம்பித்தான் ஊசியையே எடுப்பேன். இப்ப தெரிஞ்சிபோச்சு, அது செய்யாது. நூறு தடவ பழகியும் செய்யல. அது தெரிஞ்ச பிறகும் ஒருத்தர இந்த நாற்காலியில படுக்க வெச்சேன்னா நான் மனுஷனா?"

இதை அவர் அழுகையாகச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. என் வாய்வரை வந்தது. தள்ளினீங்க டாக்டர் என்று இரண்டே வார்த்தை. அண்ணனின் முகம் குறுக்கே வந்தது, தட்டை நகர்த்திய கை வந்தது. "ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் மனைவி நின்றார். "பேசினாரா?" என்றார். தலையாட்டினேன். "கார எடுக்கிறதில்ல தெரியுமா? பிரேக் போட வேண்டிய நேரத்துல கால் கேக்குமான்னு சந்தேகமாம். சோத்துக் கரண்டியக்கூட சந்தேகப்படுவார் போல" என்றார். கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தார், முடிவில் குரல் உடைந்துவிட்டது.

பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். கெட்ட வார்த்தைகளில்தான் திட்டினேன். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இடது ஆணியிலிருந்து தடியை எடுத்து நீளப் பையில் வைத்தேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கழித் தண்ணீரையும் பிடித்துக்கொண்டேன். நல்ல தண்ணீரிலேயே அது சிக்கியதை நான் பார்த்தாயிற்று; இருந்தாலும் அன்றைக்கு எந்தத் தண்ணீரோ அதே தண்ணீராக இருக்கட்டும் என்று தோன்றியது. வெளியே அண்ணன் புதிதாக வந்த கயிறுகளை மணலில் நீட்டி அளந்துகொண்டிருந்தான். நான்கும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். பையைப் பார்த்தான். அந்தப் பைக்குள் வேறு எதுவும் இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"போயிட்டு வரேன் அண்ணா" என்றேன்.

அவன் கயிற்றின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்வான், நானும் கத்துவேன், இரண்டு பேருமாக இங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று இருந்தது. அவன் வானத்தைப் பார்த்தான்.

"பத்து மணிக்கு மேல காத்து ஏறும். தலையில எதையாவது கட்டிக்கிட்டுப் போ" என்றான். மறுபடி குனிந்துகொண்டான்.

டாக்டர் அதே நாற்காலியில்தான் இருந்தார். நான் முன்னுரை எதுவும் வைக்கவில்லை, வைத்தால் திரும்பிவிடுவேன். தடியை எடுத்ததும் அவர் முகம் வெளுத்தது. "இத ஏம்மா கொண்டுவந்தீங்க?" என்றார். பதில் சொல்லாமல் பாதுகாப்புக் கயிற்றின் மேல்முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தனியாகக் கொண்டுபோயிருந்தேன்; அதை அவருடைய நாற்காலியின் கைப்பிடியில் கட்டி வளையத்தை மாட்டினேன். உறை இருக்கிற இடத்தின்மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கிளினிக்கின் வெள்ளைத் தரையில் கழித் தண்ணீர் ஓடியது.

"தள்ளுங்க டாக்டர்."

"எதுக்கு?"

"ஒரு தடவ தள்ளுங்க. அப்புறம் சொல்றேன்."

கட்டுக்கு வெளியே இருந்த இரண்டு விரல்களால் சிவப்பைத் தொட்டார். தொட்டதும் விரல்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டப்பென்று திறந்தது. நான் தடியை ஜன்னல் பக்கமாகத் தள்ளினேன். ஒரு மீட்டர் ஓடி உறையில் போய் நின்றது. என் எடை முழுவதையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. உருகிய இடத்தை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீங்கள் தள்ளினீர்கள். தள்ளியதால்தான் இது இப்படி உருகியிருக்கிறது. தள்ளாவிட்டால் தடி இங்கே வந்தே இருக்காது. தைத்தது நான், நனைத்துப் பார்க்காமல் மாட்டியதும் நான். அண்ணன் மூடியதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் நான் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. வளையத்தைத் தானே மூடினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, ஒரு சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் அந்தப் பிடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி தள்ளினார். டப். மறுபடி மூடினார்.

"நான் தள்ளினேன்" என்றார். கேள்வியா இல்லையா என்று புரியாத குரல்.

"தள்ளினீங்க."

"கண்ணா! இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஐம்பது வயது கணக்கு டீச்சரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது. மனைவி கைத்துண்டோடு ஓடி வந்தார். தரையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், ஜன்னலில் கட்டிய கயிற்றைப் பார்த்தார். "என்ன இது?" என்றார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. தையல் என்றார், தடி என்றார், உருகியிருக்கு பாரு என்றார். கடைசியில் சொல்வதை விட்டுவிட்டுத் தள்ளிக் காட்டினார். டப். "பாத்தியா? இப்படித்தான் தள்ளியிருக்கேன். தண்ணிக்குள்ள, தலகீழா." அவர் முகத்தில் கண்ணீர் ஓடியது. இடது கையில் வளையத்தைப் பிடித்திருந்ததால் அதைத் துடைக்க அவருக்கு ஒழிந்த கை இல்லை.

மனைவிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குனிந்து உறையின் தையலை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஒங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"எந்தப் புதன்?"

பொய் சொல்ல அது ஒரு வாய்ப்பு. இந்த வாரமும் ஒரு புதன்கிழமை வந்து போயிருந்தது.

"போன வாரத்துப் புதன். பதினொரு நாளாச்சு."

அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அந்தப் பதினொரு நாளில் அவர் கணவர் சாப்பிடாமல் எழுந்த வேளைகளை, கிளினிக்கை மூடுவதாகச் சொன்ன நாளை, நேற்று இதே வாசலில் என்னிடம் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது முகத்தில் தெரிந்தது. கைத்துண்டு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. டாக்டர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி, இரண்டு விரலால் மூடுவதும் தள்ளுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் டப்பென்று திறந்துகொண்டது.